கதவுக்கு இந்தப் பக்கம் அரசன், அந்தப் பக்கம் ஆயர்

இடைக்கால இங்கிலாந்து என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு கொலை. 1170 டிசம்பர் 29 மாலை, கேன்டர்பரி பேராலயத்துக்குள் புகுந்த நான்கு வீரர்கள் பேராயர் தாமஸ் பெக்கெட்டை வெட்டிச் சாய்த்தார்கள். அரசன் இரண்டாம் ஹென்றிக்கும் பெக்கெட்டுக்கும் பல வருடங்களாக நடந்த மோதல் அப்படி முடிந்தது. அரசன் ஒரு பக்கம், திருச்சபை ஒரு பக்கம், நடுவில் ஓயாத சண்டை என்ற சித்திரம் அந்தக் கொலையால்தான் நம் மனதில் பதிந்தது.

சில வருடங்களாக இந்தக் காலகட்டத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அந்தச் சித்திரம் போதாது என்று இப்போது உறுதியாகத் தோன்றுகிறது. மேலே இருந்தவர்களுக்குள் சண்டை நடந்தது உண்மைதான். ஆனால் ஒரு கிராமத்துக் குடியானவன் தன் வாழ்நாளில் எதிர்கொண்ட அதிகாரத்தில் அரசனின் பங்கு எது, திருச்சபையின் பங்கு எது என்று பிரித்தெடுக்கவே முடியாது. அரசன் ஒருவனைத் தண்டிக்கப் பாதிரியார் தேவைப்பட்டார். ஒரு வட்டாரத்தின் திருச்சபைத் தலைவரான ஆயர், ஒருவனைப் பணியவைக்க அரசனின் சிறை தேவைப்பட்டது. இந்த இரண்டு கைகளுக்கும் இடையில் அகப்பட்ட சாதாரண மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என்னைத் திரும்பத் திரும்ப இந்த விஷயத்துக்கு இழுத்து வருகிறது.

ஒரு தண்ணீர்க் குழியிலிருந்து தொடங்கலாம்.

1166-இல் இரண்டாம் ஹென்றி கிளாரெண்டன் என்ற இடத்தில் ஒரு சட்டம் பிறப்பித்தான். ஹண்ட்ரட் எனப்படும் ஒவ்வொரு சிறு பிரிவிலிருந்தும் 12 பேர், ஒவ்வொரு ஊரிலிருந்தும் 4 பேர், சத்தியம் செய்து சொல்ல வேண்டும்: உங்கள் பக்கத்தில் கொள்ளைக்காரன் யார், கொலைகாரன் யார், திருடன் யார், அவர்களுக்கு இடம் கொடுப்பவர் யார். பெயர் சொல்லப்பட்டவனை அந்த வட்டாரத்தில் அரசனின் அதிகாரியான ஷெரிஃப் பிடித்து வருவார். அவன் குற்றவாளியா இல்லையா என்பதைத் தண்ணீர் சொல்லும்.

அந்தச் சடங்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் மூன்று நாள் நோன்பிருக்க வேண்டும். பிறகு பூசை. நற்கருணை வாங்க அவன் வரும்போது, குற்றம் செய்திருந்தால் பீடத்தை நெருங்காதே என்று பாதிரியார் எல்லோர் முன்னிலையிலும் எச்சரிப்பார். அடுத்து குழிக்கரைக்குப் போவார்கள். குற்றமற்றவனை ஏற்றுக்கொள், குற்றமுள்ளவனை வெளியே தள்ளு என்று பாதிரியார் செபித்துத் தண்ணீரைப் புனிதப்படுத்துவார். அவன் கைகளை முழங்காலுக்குக் கீழே சேர்த்துக் கட்டி, இடுப்பில் கயிறு கட்டி, மெதுவாக இறக்குவார்கள். கயிற்றில் ஒரு முடிச்சு இருக்கும். அந்த முடிச்சு வரை முங்கினால் நிரபராதி. மிதந்தால் குற்றவாளி. பெண்களுக்குப் பெரும்பாலும் தண்ணீர் கிடையாது, பழுக்கக் காய்ச்சிய இரும்புதான். அதைக் கையில் ஏந்தி ஒன்பது அடி நடக்க வேண்டும். கையைக் கட்டி முத்திரையிட்டு, மூன்றாம் நாள் பிரித்துப் பார்ப்பார்கள். சீழ் வைத்திருந்தால் குற்றவாளி.

மிதந்தவனுக்கு 1166 சட்டப்படி ஒரு பாதம் போகும். 1176-இல் அதோடு வலது கையையும் சேர்த்துக்கொண்டார்கள். முங்கியவனும் தப்பிவிடவில்லை. ஊரில் அவனுக்குக் கெட்ட பெயர் இருந்தால், தண்ணீர் அவனை நிரபராதி என்று சொன்ன பிறகும் எட்டு நாளுக்குள் கடல் கடந்து நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். கடவுளின் தீர்ப்புக்கு மேலே அரசன் தன் தீர்ப்பை வைத்த இடம் இது. இந்த ஒரு விதியைப் படித்தபோதுதான், ஹென்றி திருச்சபையைப் பகைத்துக்கொண்டவன் என்பதைவிட அதைப் பயன்படுத்தத் தெரிந்தவன் என்று எனக்குப் புரிந்தது.

குழி வெட்டிய செலவும், அதைப் புனிதப்படுத்திய பாதிரியாருக்குக் கொடுத்த பணமும் அரசாங்கக் கணக்கில் ஏறியிருக்கின்றன. அரசனின் குற்றவியல் நீதி முழுவதும் அந்தச் செபத்தின் மேல்தான் நின்றது. அது தெரிய ஐம்பது வருடம் ஆயிற்று. 1215 நவம்பரில் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், இத்தகைய சோதனைகளில் குருக்கள் யாரும் தண்ணீரையோ இரும்பையோ ஆசீர்வதிக்கக் கூடாது என்று தடை போட்டது. செபம் இல்லையென்றால் அது வெறும் தண்ணீர். இங்கிலாந்தின் நீதிபதிகளுக்குக் கையில் கைதிகள் இருந்தார்கள், தீர்ப்புச் சொல்ல வழி இல்லை.

1219 ஜனவரியில், பதினொரு வயது மூன்றாம் ஹென்றியின் பெயரால், ஊர் ஊராகச் செல்லும் நீதிபதிகளுக்கு ஒரு கடிதம் போனது. பெருங்குற்றம் என்றால் உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்தில்லாமல் சிறையில் வையுங்கள், நடுத்தரக் குற்றம் என்றால் நாட்டை விட்டு அனுப்புங்கள், சிறு குற்றம் என்றால் பிணை வாங்கிக்கொண்டு விடுங்கள், மற்றது உங்கள் விவேகத்துக்கு என்று அது சொன்னது. அந்த வெற்றிடத்தில்தான் நீதிபதிகள், குற்றம் சாட்டிய ஊராரிடமே திரும்பிப் போய், “இவன் செய்தானா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்கத் தொடங்கினார்கள். குற்றவியல் வழக்கில் ஜூரி முறை இங்கிலாந்தில் இப்படித்தான் வேர்விட்டது. உலகமே போற்றும் ஒரு நீதிமுறை, பாதிரியார்கள் ஒரு வேலையிலிருந்து விலகிக்கொண்டதால் பிறந்திருக்கிறது.

அரசனின் கடிதங்களை எழுதியவர்கள் யார்? அவர்களும் திருச்சபைக் குருக்கள் வகுப்பைச் சேர்ந்தவர்களே. அந்தக் காலத்தில் லத்தீனில் எழுதத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் குருக்களின் அடையாளமாக உச்சி மழித்தவர்கள். அரசனின் எழுத்தகமான சான்சரியும், கணக்குப் பார்த்த எக்ஸ்செக்கரும் அவர்கள் கையில் ஓடின. அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்கும் அரசனுக்கு ஒரு வழி இருந்தது: ஏதாவது ஒரு பங்கின், அதாவது ஒரு கோவிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின், வருமானத்தை எழுதிக்கொடுப்பது, நன்றாக உழைத்தால் ஆயர் பதவியை வாங்கிக்கொடுப்பது. அந்தப் பங்கின் மக்கள் கொடுத்த தசமபாகம், அவர்கள் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு அரசாங்க எழுத்தருக்குச் சோறு போட்டது. பெக்கெட்டே அப்படி வளர்ந்தவர்தான். 1155 முதல் ஹென்றியின் சான்சலர், அதாவது சான்சரியின் தலைவர். 1162 ஜூனில் ஒரு நாள் குருப்பட்டம், மறுநாள் பேராயர் பட்டம். ஹ்யூபர்ட் வால்ட்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். கேன்டர்பரி பேராயர், போப்பின் பிரதிநிதி, அரசனுக்கு அடுத்த தலைமை அதிகாரியான ஜஸ்டிசியர் என மூன்றும் ஒரே காலத்தில் அவர் ஒருவரே. ஜஸ்டிசியர் பொறுப்பை விட்டபின் ஜான் அரசனுக்குச் சான்சலராகவும் இருந்தார்.

ஆயர்களும் பெரிய மடாதிபதிகளும் நிலப்பிரபுக்கள்கூட. வின்செஸ்டர் ஆயரும் பீட்டர்பரோ மடமும் அரசனின் படைக்கு 60 வீரர்களைத் தரக் கடமைப்பட்டவர்கள். ஒரு ஆயர் இறந்தால் அடுத்தவர் வரும்வரை அந்த நிலத்தின் வருமானம் அரசனுக்கு. அதனால் அடுத்தவர் சீக்கிரம் வரவேண்டிய அவசரம் அரசனுக்கு இருந்ததில்லை.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் பெக்கெட் விவகாரம் ஏன் அவ்வளவு கசந்தது என்று விளங்கும். ஒரே வீட்டுக்குள் நடந்த பாகப்பிரிவினைச் சண்டை அது. பிரச்சினையின் மையம் குற்றம் செய்த குருக்கள். அவர்களைத் திருச்சபை நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கலாம், அந்த நீதிமன்றமோ யாருடைய ரத்தத்தையும் சிந்தாது. ஒரு குரு கொலை செய்தாலும் அதிகபட்சம் பட்டத்தைப் பறிக்கும், மடத்தில் அடைக்கும், தவம் விதிக்கும். ஹென்றி 1164 ஜனவரியில் கிளாரெண்டனில் 16 விதிகளை முன்வைத்தான். அவை தன் தாத்தா முதலாம் ஹென்றி காலத்து வழக்கங்கள் என்பது அவன் வாதம். குற்றவாளி என்று திருச்சபை கண்டறிந்த குருவைப் பாதுகாக்கக் கூடாது, அவனை அரசு தண்டிக்கும் என்பது ஒரு விதி. அரசனின் அனுமதியின்றி ஆயர்கள் நாட்டை விட்டுப் போகக் கூடாது, மேல்முறையீடு அரசனைத் தாண்டி ரோமுக்குப் போகக் கூடாது, ஆயர் தேர்தல் அரசனின் சிற்றாலயத்தில் அவன் சம்மதத்தோடு நடக்க வேண்டும் என்று மற்ற விதிகள் நீண்டன. பெக்கெட் முதலில் ஒப்புக்கொண்டார், பிறகு மறுத்தார், பிரான்சுக்குத் தப்பினார், ஆறு வருடம் கழித்துத் திரும்பினார், ஒரு மாதத்துக்குள் கொல்லப்பட்டார்.

கொலைக்குப் பின் நடந்ததுதான் எனக்கு முக்கியம். 1173-இல் போப் பெக்கெட்டைப் புனிதராக அறிவித்தார். 1174 ஜூலை 12 அன்று ஹென்றி கேன்டர்பரிக்குள் வெறுங்காலுடன் நடந்து வந்து, கல்லறை முன் முதுகை வெற்றாக்கி, அங்கிருந்த ஆயர்கள், துறவிகள் கையால் பிரம்படி வாங்கினான். மறுநாள் வடக்கே அல்னிக்கில் அவனை எதிர்த்துப் படையெடுத்த ஸ்காட்லாந்து மன்னன் சிறைப்பட்டான். புனிதர் மன்னித்துவிட்டார் என்று நாடே பேசியது. தவத்திலும் அரசனுக்கு ஆதாயம் இருந்தது. 1176-இல் போப்பின் தூதருடன் செய்த உடன்பாட்டில், குருக்களைத் தன் குற்றவியல் நீதிமன்றத்துக்கு இழுப்பதில்லை என்று ஹென்றி விட்டுக்கொடுத்தான். ஆனால் விதிவிலக்கு கேட்டு வாங்கினான், அதில் ஒன்று காட்டுச் சட்டம். அரசனின் வேட்டைக்காட்டில் மான் அடித்த பாதிரியார் அரசனின் நீதிபதி முன்தான் நிற்க வேண்டும். கொலை செய்த பாதிரியார் நிற்க வேண்டியதில்லை. ஒரு மனித உயிரின் வழக்கைவிட ஒரு மானின் வழக்கை அரசன் விடாமல் பிடித்துக்கொண்டான் என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

இந்தச் சலுகை பின்னாளில் விசித்திரமாக வளர்ந்தது. குரு என்று நிரூபிக்க எளிய வழி வாசித்துக் காட்டுவது. 14-ஆம் நூற்றாண்டுக்குள் வாசிக்கத் தெரிந்த எந்த ஆணும் குருவாகக் கருதப்பட்டான். பெரும்பாலும் பைபிளின் 51-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைத்தான் கொடுப்பார்கள். “கடவுளே, உமது இரக்கத்தின்படி எனக்கு இரங்கும்” என்பது அதன் கருத்து. அதைத் திக்கித் திணறியாவது படித்தவன் தூக்குக் கயிற்றிலிருந்து தப்பி ஆயரின் சிறைக்குப் போனான். படிக்கத் தெரியாத உழவன் அதே குற்றத்துக்குத் தூக்கில் தொங்கினான். பெண்களுக்குக் குருப்பட்டம் கிடையாது என்பதால், எவ்வளவு படித்திருந்தாலும் அவர்களுக்கு இந்த வாசல் திறக்கவில்லை. 1624-இல் சிறு திருட்டுகளுக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் இரங்கினார்கள். முழு உரிமை வர 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு ஆகிவிட்டது.

அடுத்தது தள்ளிவைத்தல். திருச்சபை நீதிமன்றம் குருக்களை மட்டும் விசாரித்தது என்று நினைத்துவிடக் கூடாது. திருமணம், உயில், தசமபாகம், அவதூறு, கள்ள உறவு, வாக்குத் தவறுதல் எல்லாம் அதன் கையில்தான். ஆயருக்குக் கீழே இருந்த அதிகாரியான ஆர்ச்டீக்கனின் ஆள் வந்து அழைப்பாணை கொடுப்பான். தண்டனை பெரும்பாலும் அவமானம்: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்க, சட்டை மட்டும் அணிந்து, வெறுங்காலுடன், கையில் மெழுகுவத்தியோடு கோவிலைச் சுற்றி வருவது. வராமல் ஏமாற்றினால் சபையை விட்டுத் தள்ளிவைப்பார்கள். அவனோடு யாரும் பேசக் கூடாது, உண்ணக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது. நீதிமன்றத்தில் அவனால் வழக்குப் போடவும் முடியாது.

சிலர் அதற்கும் அசையவில்லை. அப்போது என்ன செய்வார்கள் என்பதில்தான் இந்த அமைப்பின் நெளிவுசுளிவு முழுவதும் தெரிகிறது. 40 நாள் கழிந்தபின் ஆயர் சான்சரிக்கு ஒரு கடிதம் எழுதுவார்: இன்னார் 40 நாளாகத் திருந்தாமல் இருக்கிறார். சான்சரி அந்த ஊர் ஷெரிஃபுக்கு ரிட் என்ற எழுத்து ஆணை ஒன்றை அனுப்பும்: இவரைப் பிடித்து, திருச்சபைக்கு ஈடு செய்யும்வரை சிறையில் வை. பணிந்தபின் ஆயர் இன்னொரு கடிதம் எழுதினால் விடுதலை. ஆயருக்குச் சிறைக்கதவின் சாவி இல்லை, ஆனால் ஒரு கடிதத்தால் அதைத் திறக்கவும் மூடவும் முடியும்.

அதே சான்சரியில், அதே எழுத்தர்களிடம், பணம் கட்டி நேர் எதிரான ஒரு ரிட்டையும் வாங்கலாம். இந்த வழக்கு அரசனின் நீதிமன்றத்துக்கு உரியது, திருச்சபை நீதிபதி விசாரிக்கக் கூடாது என்று தடுக்கும் ஆணை அது. விவரம் தெரிந்த பிரதிவாதிகள் அதை வாங்கி ஆயரின் நீதிபதி முன் நீட்டினார்கள். ஆயர்கள் தலைமுறை தலைமுறையாக இதைப் பற்றிப் புலம்பினார்கள். 1286-இல் முதலாம் எட்வர்ட், நார்விச் பக்கம் குருக்களின் நீதிமன்றங்களில் தலையிடும் தன் நீதிபதிகளுக்கு, கொஞ்சம் கவனமாக நடந்துகொள்ளுங்கள் என்று எழுத வேண்டியிருந்தது. எல்லைக் கோடு சட்டப் புத்தகத்தில் எங்கும் தெளிவாக இல்லை. ஒவ்வொரு வழக்கிலும், யார் எந்தத் தாளை முதலில் வாங்கினார்கள் என்பதைப் பொறுத்து அது நகர்ந்தது.

ஒருவனைத் தள்ளிவைக்காமல் ஒரு தேசத்தையே தள்ளிவைத்தால்? அதுவும் நடந்தது. 1205-இல் ஹ்யூபர்ட் வால்ட்டர் இறந்தார். கேன்டர்பரித் துறவிகள் தங்களில் ஒருவரை ரகசியமாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜான் அரசன் நார்விச் ஆயரைத் திணித்தான். போப் மூன்றாம் இன்னசென்ட் இருவரையும் ஒதுக்கிவிட்டு, பாரிசில் பேர்பெற்ற ஸ்டீபன் லாங்டனைப் பேராயராக்கினார். ஜான் லாங்டனை நாட்டுக்குள் விடவில்லை. 1208 மார்ச் 24 முதல் இங்கிலாந்து முழுவதும் வழிபாட்டுத் தடை.

மணி அடிக்கவில்லை. மக்களுக்குப் பூசை இல்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானமும், சாகக் கிடப்பவருக்குப் பாவசங்கீர்த்தனமும் மட்டும் அனுமதி. இறந்தவர்களை மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் புதைக்கக் கூடாது. சாலையோரப் பள்ளங்களிலும் வயல் ஓரங்களிலும் செபமில்லாமல் புதைத்தார்கள். 1214 ஜூலை 2 வரை ஆறு வருடங்களுக்கு மேல் இது நீடித்தது. அரசனும் போப்பும் பேசிக்கொண்ட கடிதங்களில் இந்த மனிதர்கள் இல்லை. செபமில்லாமல் புதைக்கப்பட்ட தன் தாய் மோட்சம் போவாளா என்று ஒரு மகள் கவலைப்பட்டால், அவளுக்குப் பதில் சொல்ல அந்த ஊரில் யாருக்கும் அதிகாரம் இல்லை. தவறு செய்தது அரசன் என்று வைத்துக்கொண்டாலும், தண்டனை அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இன்னசென்ட்டின் சட்ட ஞானத்தை மெச்சுகிறவர்களோடு நான் இந்த இடத்தில் ஒத்துப்போக மாட்டேன்.

ஜானுக்கோ பெரிய நஷ்டம் இல்லை. வழிபாடு நடத்தாத குருக்களின் சொத்தை எல்லாம் பறிமுதல் செய்தான், பணம் கட்டியவர்களுக்குத் திருப்பிக்கொடுத்தான். குருக்கள் மணமாகக் கூடாது என்ற விதியை மீறிப் பலர் பெண்களோடு குடும்பம் நடத்தி வந்தார்கள். அந்தப் பெண்களைப் பிடித்துவைத்து மீட்புப்பணம் வாங்கினான் என்று அக்காலத் துறவிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். 1209 நவம்பரில் அவனையே சபையிலிருந்து தள்ளிவைத்தார்கள். அப்போதும் அசையவில்லை. பிரெஞ்சு அரசன் படையெடுக்கத் தயாரானதும், சொந்தப் பிரபுக்களே கைவிடுவார்கள் என்ற அச்சமும்தான் அவனை அசைத்தன. 1213 மே 15 அன்று, டோவர் அருகே, இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் போப்பிடம் ஒப்படைத்து, வருடத்துக்கு 1000 மார்க் கப்பம் கட்டும் சிற்றரசனாக அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்.

பணிந்தது போலத் தெரிகிறது. இரண்டு வருடத்தில் கதை தலைகீழானது. 1215 ஜூனில் பிரபுக்கள், அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா என்ற சாசனத்துக்கு ஜானிடம் முத்திரை வாங்கினார்கள். லாங்டன் அதில் பெரும்பங்கு வகித்தார். அதன் முதல் விதியே இங்கிலாந்துத் திருச்சபை சுதந்திரமாக இருக்கும் என்பது. ஆகஸ்ட் 24 அன்று போப் அதைச் செல்லாது என்று அறிவித்தார், ஏனென்றால் ஜான் இப்போது அவருடைய ஆள். பிரபுக்களைத் தள்ளிவைக்கத் தயங்கிய லாங்டனையே பதவியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். எந்தப் பேராயருக்காக ஒரு தேசத்தின் கோவில்களை ஆறு வருடம் பூட்டினார்களோ, அதே பேராயருக்குத்தான் இது நடந்தது.

இப்போது அடைக்கலம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சொல்ல நிறைய இருக்கும் பகுதியும்கூட.

டர்ஹம் பேராலயத்தின் வடக்கு வாசலில் ஒரு வெண்கல முகம் இருக்கிறது. சிங்கம் போன்ற, பிடரி விரிந்த, கண் இருந்த இடத்தில் குழி மட்டும் உள்ள முகம். வாயில் ஒரு வளையம். இப்போது கதவில் இருப்பது நகல், 12-ஆம் நூற்றாண்டின் அசல் உள்ளே காட்சிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது. அங்கே போயிருந்தபோது நகல் வளையத்தைப் பிடித்துப் பார்த்தேன், நல்ல கனம். கொலை செய்துவிட்டு ஓடி வந்தவன் இந்த வளையத்தைத் தட்டுவான். வாசலுக்கு மேலே இருந்த அறைகளில் ஆட்கள் இரவும் பகலும் காத்திருப்பார்கள். கதவு திறக்கும், மணி அடிக்கும், ஒருவன் அடைக்கலம் புகுந்தான் என்று ஊருக்குத் தெரியும். இடது தோளில் மஞ்சள் சிலுவை தைத்த கறுப்பு அங்கி ஒன்றை அவனுக்குப் போடுவார்கள். 37 நாள் அவனை யாரும் தொட முடியாது. 1464 முதல் 1524 வரை அப்படி வந்தவர்களின் பதிவேடு இருக்கிறது. பெரும்பாலானவை கொலை வழக்குகள். பெவர்லியில், ஹெக்ஸமில் கல்லாலான ஓர் அடைக்கல ஆசனம் இருந்தது. பீடத்தை நெருங்க நெருங்க, அங்கே ஒருவனைப் பிடித்து இழுப்பதற்கான அபராதம் கூடிக்கொண்டே போகும். அந்த ஆசனத்தில் உட்கார்ந்தவனை இழுத்தால் எவ்வளவு பணம் கட்டியும் ஈடு செய்ய முடியாது.

இவை பெரிய இடங்கள். ஆனால் எந்தச் சாதாரண ஊர்க்கோவிலும் 40 நாள் அடைக்கலம் தரும். அங்கேதான் அரசனும் திருச்சபையும் ஒரே வாசற்படியில் நிற்பதைப் பார்க்கிறோம். திருடன் ஒருவன் கோவிலுக்குள் ஓடிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஊரார் இரவும் பகலும் கோவிலைச் சுற்றிக் காவல் இருக்க வேண்டும், தப்பவிட்டால் ஊருக்கே அபராதம். பகலெல்லாம் ஏர் பிடித்தவன் குளிரில் கல்லறைத் தோட்டத்தில் விழித்திருக்க வேண்டும். பிறகு கொரோனர் வருவார், அரசனின் அதிகாரி. உள்ளே இருப்பவனுக்கு இரண்டு வழி: வெளியே வந்து விசாரணைக்கு நிற்கலாம், அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டு நாட்டைத் துறக்கலாம். இரண்டும் மாட்டேன் என்றால் 40 நாளுக்குப் பின் சோறு தண்ணீர் நிறுத்தப்படும்.

நாட்டைத் துறப்பவன் கோவில் வாசலில் நின்று, அரசனின் அனுமதி இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று சத்தியம் செய்வான். கொரோனர் ஒரு துறைமுகத்தைச் சொல்வார், டோவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை நாளில் சேர வேண்டும் என்றும் சொல்வார். அசையும் சொத்து முழுவதும் அரசனுக்கு. தலையில் ஒன்றும் அணியாமல், வெறுங்காலுடன், ஒற்றை அங்கியில், கையில் மரச்சிலுவையோடு அவன் புறப்படுவான். அந்தச் சிலுவைதான் அவனுடைய பாதுகாப்பு. அரச பாட்டையை விட்டு விலகினால் யாரும் அவனைக் கொல்லலாம். துறைமுகத்தில் உடனே கப்பல் கிடைக்காவிட்டால், கடல் கடக்க முயன்றதற்கு அடையாளமாகத் தினமும் முழங்கால் அளவு கடலில் இறங்கி நிற்க வேண்டும்.

திருச்சபை உயிரைக் காப்பாற்றியது, அரசன் சொத்தை எடுத்துக்கொண்டான், ஊர் ஒரு குற்றவாளியைத் தொலைத்தது. மூவருக்கும் வசதியான ஏற்பாடு என்பதால்தான் நூற்றாண்டுகள் தாண்டி நின்றது. பின்னால் நின்ற மனைவி மக்களைப் பற்றி அந்தப் பதிவுகளில் ஒரு வரிகூட இல்லை.

பெரிய மனிதர்கள் புகுந்தால் மட்டும் ஏற்பாடு ஆட்டம் கண்டது. 1232-இல் பதவியிழந்த ஜஸ்டிசியர் ஹ்யூபர்ட் டி பர்க் எஸ்செக்ஸில் ஒரு சிற்றாலயத்துக்குள் ஓடினார். மூன்றாம் ஹென்றியின் ஆட்கள் உள்ளே புகுந்து இழுத்து வந்தார்கள். விலங்கு பூட்ட அழைத்த கொல்லன், அந்நியரிடமிருந்து நாட்டைக் காப்பாற்றியவருக்கு நான் விலங்கு பூட்ட மாட்டேன், என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று மறுத்ததாக அக்காலத் துறவி ஒருவர் எழுதியிருக்கிறார். லண்டன் ஆயர் தள்ளிவைக்கப்போவதாக மிரட்டியதும், அரசன் ஹ்யூபர்ட்டை அதே சிற்றாலயத்தில் கொண்டுபோய் விட்டான். ஆனால் ஷெரிஃபின் ஆட்கள் சுற்றி வளைத்துக்கொண்டு, உள்ளே உணவு போகாமல் தடுத்தார்கள். பசி ஹ்யூபர்ட்டை வெளியே கொண்டுவந்தது. இந்த முறை சட்டத்தின் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை.

1378 ஆகஸ்ட் 11 அன்று அது மீறப்பட்டது. ஸ்பெயினில் ஒரு பிரபுவைச் சிறைப்பிடித்த ராபர்ட் ஹாலி, மீட்புப்பணத் தகராறில் லண்டன் கோபுரத்தில் அடைபட்டு, தப்பி வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் புகுந்திருந்தார். கோபுரத்தின் தலைவர் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு, பூசை நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே நுழைந்தார். ஹாலி பாடகர் பகுதியைச் சுற்றி ஓடி, அங்கேயே வெட்டுண்டு விழுந்தார். தடுக்க வந்த கோவில் பணியாளர் ஒருவரும் இறந்தார். கறைபட்ட ஆலயம் டிசம்பர் வரை மூடிக் கிடந்தது. அந்த இலையுதிர்காலத்தில் பாராளுமன்றம் வெஸ்ட்மின்ஸ்டரை விட்டு குளோஸ்டரில் கூடியது. அங்கே அரசின் பக்கம் நின்று அடைக்கல உரிமைக்கு எதிராக வாதாடியவர் ஒரு குரு, ஜான் விக்லிஃப். இங்கேயும் அரசன் தன் வாதத்துக்குத் திருச்சபையின் ஆளைத்தான் தேடினான்.

எட்டாம் ஹென்றி 1530-களில் போப்பை உதறிவிட்டு, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவனானான், மடங்களைக் கலைத்தான். அதற்குச் சற்று முன்பே நாடு துறப்பதை மாற்றிவிட்டார்கள். கடலோடிகளும் வில்லாளிகளும் வெளிநாடு போய் அந்நியருக்குத் தங்கள் வித்தையைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று சட்டமே காரணம் சொன்னது. அதனால் நாட்டை விட்டு அனுப்பாமல், உள்நாட்டிலேயே ஓர் அடைக்கல இடத்தில் ஆயுள் முழுவதும் இருக்க வைத்தார்கள். 1540-இல் பழைய பெரிய அடைக்கலங்கள் பெரும்பாலும் ஒழிந்தன. கொலைகாரருக்கும் வழிப்பறிக்காரருக்கும் எங்கும் இடமில்லை. மற்றவர்களுக்கு அரசனே எட்டு ஊர்களைக் குறித்துக் கொடுத்தான்: வெல்ஸ், வெஸ்ட்மின்ஸ்டர், மான்செஸ்டர், நார்த்தாம்டன், நார்விச், யார்க், டார்பி, லான்செஸ்டன். ஓர் ஊருக்கு 20 பேருக்கு மேல் கூடாது.

புனிதர் இல்லை, வளையம் இல்லை, மஞ்சள் சிலுவை இல்லை, ஊர்ப்பெயர்கள் மட்டும். மான்செஸ்டர்க்காரர்கள் ஓரிரு வருடத்திலேயே முறையிட்டார்கள். எங்கள் ஊரில் நூலையும் துணியையும் வெளுக்க இரவெல்லாம் வெளியில் விரித்துப்போடுகிறோம், இந்த அடைக்கலக்காரர்கள் வந்தபின் களவு அதிகமாகிவிட்டது என்றார்கள். அந்த அடைக்கலக்காரர்களை செஸ்டருக்கு மாற்றினார்கள். செஸ்டரும் துறைமுகம் பக்கத்தில் இருப்பதைச் சொல்லி மறுத்தது, ஸ்டாஃபோர்டுக்கு மாற்றினார்கள். 1624-இல் பாராளுமன்றம் அடைக்கல உரிமையையே சட்டத்திலிருந்து நீக்கியது.